மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று

தூத்துக்குடியில் உப்பு கடலோடு நின்றுவிடுவதில்லை, காற்றில் இருக்கிறது, கொடியில் காய்கிற பாவாடையில் இருக்கிறது, ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலை வாயில் வைத்தால் நாக்கில் இருக்கிறது, அதனால் அந்த ஊரில் கார் வாங்குகிறவன் பாதிக் காரைத்தான் தனக்கென்று வாங்குகிறான், மறுபாதியை உப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டி வருகிறான். சீ பிரீஸ் ஃபிளாட்ஸில் குடியிருந்த ஸ்தனிஸ்லாஸ் வாஸ் மட்டும் உப்புக்கு ஒரு கட்டைவிரல் இடம்கூடக் கொடுக்காத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளியும் ஒரு ஜோடிக் கம்பளிக்கையுமாகக் கீழே இறங்கிவிடுவார், துறைமுகத்தில் கப்பலே பற்றி எரிந்தாலும் காரின் கடைசி டயரைத் துடைத்து முடிக்காமல் மேலே ஏற மாட்டார்.

கம்பளிக்கை என்பது அந்த வீட்டில் வைத்த பேர். செம்மறித் தோலில் செய்து, விரல் பிரிக்காமல், மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி தைத்த கையுறை. கப்பலில் சமையல்காரராக இருந்த அவர் தம்பி ஆஸ்திரேலியாவில் இறங்கியபோது வாங்கி வந்தது. ஒன்று மேல்கை. அது கூரைக்கு, கண்ணாடிக்கு, பானெட்டுக்கு, கதவின் மேல்பாதிக்கு. மற்றது கீழ்கை. அது கதவின் அடிக்கு, பம்பருக்கு, டயருக்கு. மேல்கை கீழே இறங்காது, கீழ்கை மேலே ஏறாது, அடையாளம் தப்பிவிடக்கூடாது என்று கீழ்கையின் விளிம்பில் சிவப்பு நூலால் ஒரு குருசுத் தையல் உண்டு. வாளியும் அப்படித்தான்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். துடைத்த கையை வெறும் தண்ணீரில் அலசி, அழுக்கை அங்கே விட்டுவிட்டு, அப்புறம்தான் சோப்பில் முக்க வேண்டும். அழுக்கு வாளியில் முக்கிய கையோடு காரைத் தொடுவது ஸ்தனிஸ்லாஸின் வேதத்தில் பாவங்களில் பெரிய பாவம். கம்பளியின் அடிமயிரில் ஒளிந்திருக்கிற ஒரே ஒரு மணல் போதும், பெயின்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறிவிடும், நிழலில் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் மானம் போகும்.

காரைக் கழுவுவது அவர், கழுவியதைக் கழுவுவது அவர் பெண்சாதி டெல்பின். சிவப்புக் குருசைப் போட்டவளும் அவள்தான், கான்வென்டில் சிஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த தையல் வேறு எதற்கு உதவியது. கம்பளிக்கையைத் துவைப்பது துணி துவைப்பது மாதிரி இல்லை, வயசான மாமியாரைக் குளிப்பாட்டுவது மாதிரி. வெந்நீர் ஆகாது, சுருங்கிவிடும். சோப்புத்தூள் ஆகாது, மயிரில் இருக்கிற எண்ணெய் போய்த் தோல் வறட்டியாகிவிடும். பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற ஷாம்புவைப் பச்சைத்தண்ணீரில் கலக்கி, மயிரை விரலால் வகிடு பிரித்துப் பிரித்து அடியில் இருக்கிற மணலை வெளியே கொண்டு வர வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்க வேண்டும். கிளிப் போட்டுத் தொங்கவிடக் கூடாது, பாட்டிலைக் கவிழ்த்து அதன் தலையில் மாட்டி நிழலில் வைக்க வேண்டும், அரை ஈரத்தில் பெரும்பல் சீப்பால் வாரிவிட வேண்டும். முக்கியமாகத் தரையில் விழக்கூடாது, விழுந்தால் முதலிலிருந்து.

"எனக்குத் தலை வாரிவிட ஒரு நாளாவது நெனச்சீங்களா? ஆட்டுமயிருக்கு நான் சிக்கெடுக்கேன்," என்பாள் டெல்பின்.

"உன் தலையில மணல் இல்லையே டெல்பி," என்பார் அவர்.

"மண்ணு இருக்கு. இல்லைன்னா உங்களைக் கட்டியிருப்பேனா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூரையை முடித்தார், கண்ணாடியையும் பானெட்டையும் முடித்தார், இடது பக்கத்தை முடித்தார், வலது பக்கத்துக்கு நுரை பூசிவிட்டு, டயரில் என்னவோ பார்க்கிற மாதிரி டிரைவர் கதவோரமாக உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். வாட்ச்மேன் சுடலைமுத்து கூப்பிட்ட கூப்பாட்டில் டெல்பின் ஓடி வந்தபோது வலது கையில் மேல்கை மாட்டியபடியே இருந்தது. நாடி பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்ல, அவள் அதைக் கழற்றினாள், கழற்றியதைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள், ஆம்புலன்ஸிலும் வைத்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டபோதும் வைத்துக்கொண்டிருந்தாள், இந்தம்மா எதற்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள்.

அடக்கம் முடிந்தது. டெல்பின் அழுதாள், சும்மா மூக்கைச் சிந்துகிற அழுகை இல்லை, எதிர் பிளாக்கில் நாய் எழுந்து உட்கார்ந்துகொள்கிற அழுகை. ஒரே மகள் ரெனிட்டா பஹ்ரைனில் நிறைமாசமாக இருந்தாள், விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள், அவள் அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்குவதை போனில் பார்த்தாள், அதுவும் நடுவில் நின்று போய் நின்று போய் வந்தது. ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் காலையில் டெல்பின் பால்கனியில் நின்று அழுதுகொண்டிருக்கும்போது கீழே கார் தெரிந்தது. இடது பக்கம் பளபளவென்று இருந்தது, வலது பக்கத்தில் சோப்பு காய்ந்து, வெள்ளை வெள்ளையாகத் தேமல் பிடித்த மாதிரி இருந்தது. எந்தத் துக்கத்திலும் ஒரு வீட்டுக்காரியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத காட்சி என்று ஒன்று உண்டு. அழுதபடியே மேல்கையையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள், அழுதபடியே வலது பக்கத்தைக் கழுவினாள், முடித்ததும் வேர்வையும் கண்ணீருமாக வழிந்த முகத்தை, கையில் மாட்டியிருந்த மேல்கையாலேயே நெற்றியிலிருந்து தாடை வரை, கழுத்து, தோள்பட்டை என்று ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

வந்துவிட்டது. உப்புத்தூசி பெயின்டிலிருந்து வருகிற மாதிரி அவள் மேலிருந்து துக்கம் முழுசாக மேல்கைக்கு வந்துவிட்டது. ஞாபகம் ஒன்றும் போகவில்லை, அவர் பேர் தெரிந்தது, குறட்டை தெரிந்தது, மீன்குழம்பில் மாங்காய் போட்டால் முதலில் மாங்காயைத் தேடுகிற கரண்டி தெரிந்தது. ஞாபகத்தின் மேல் படிந்திருந்தது மட்டும் போய்விட்டது. டெல்பினுக்குப் பசித்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மேல்கையை அலசாமல், நுரையோடு அப்படியே பாட்டிலில் கவிழ்த்துக் குளியலறை மேல்தட்டில் வைத்துவிட்டுப் போய், ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டாள். மேல்கையைக் கீழே எடுக்க அப்புறம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் பிரியாணியைக் கையில் வைத்துக்கொண்டு விசும்ப, டெல்பின் ஒவ்வொருவராகப் பார்த்துத் தயிர்ப் பச்சடி போதுமா என்று கேட்டுக்கொண்டு போனாள். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது, வெளியே வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வராமல் போனதற்குக் காரணம் உள்ளே இல்லாததுதான் என்று முதலில் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு ரோஸ்லின். ரோஸ்லினின் மகனைக் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் கண் பரிசோதனை செய்து, பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள், அதைச் சொல்லி அழ அவள் தினமும் டெல்பின் வீட்டுக்கு வருவாள், துக்க வீட்டில் அழுதால் கணக்கில் சேர்ந்துவிடும் என்கிற வசதி.

"பதினெட்டு வருஷம் அவன் பச்சைன்னு சொன்னதெல்லாம் என்ன கலரோ மைனி," என்று ரோஸ்லின் விம்ம, டெல்பினுக்குப் பொறுமை போய்விட்டது. பொறுமை அவளுக்கு எப்போதும் குறைவு, அது துடைத்ததனால் போனதில்லை. கொடிப்பக்கம் காய்ந்துகொண்டிருந்த கீழ்கையை மாட்டிக்கொண்டு வந்து ரோஸ்லின் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தாள்.

ரோஸ்லின் விம்மலின் நடுவிலேயே நின்றாள். "காபி இருக்கா மைனி?" என்றாள். குடித்துவிட்டு, "அது டயர் துடைக்கிறதுல்லா?" என்றாள்.

"உன் மூஞ்சிக்கு அது போதும்."

மறுநாள் படிக்கட்டில் ஆள் நின்றது. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் லாரி வந்தால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கர்வாலோ, பொதுக் குழாயில் இதற்குத் தண்ணீர் பிடிக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தார், கடைசியில் தன் பென்ஷன் தகராறை எடுத்துக்கொண்டு வந்து தானும் துடைத்துவிட்டுப் போன பிறகு பிடிக்கலாம் என்றார். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் எந்த பிளாக்குக்கு எந்தக் கிழமை என்று முறை வைத்தார்கள். பங்குத்தந்தை அமலதாஸ் ஒரு சாயங்காலம் வந்து கீழ்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறைக்கல்வியில இதைப் பத்தி ஒண்ணும் இல்லை," என்றார். "கூடாதுன்னும் இல்லை. மந்திரிச்சுத் தரட்டுமா?"

"இப்பத்தான் ஷாம்பு போட்டிருக்கேன் ஃபாதர்," என்றாள் டெல்பின்.

ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கீழ்கையை அவள் வெறும் தண்ணீர் வாளியில் அலசினாள், முறை தப்பவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது சுடலைமுத்து தெரியாமல் அதில் காலைக் கழுவிய அன்று தெரிந்தது. மனுஷன் கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அழுதார், நிச்சயம் நின்றுபோன யாரோ ஒரு பெண்ணுக்காகவும் பிஸ்கட் கம்பெனியில் வேலை போன யாரோ ஒரு ஆணுக்காகவும் மாறி மாறி அழுதார். பென்ஷனை நினைத்து நினைத்து மார்பில் அடித்துக்கொண்டார். பென்ஷன் என்ற ஒன்றையே அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கீழ்கையால் அவரைத் திரும்பத் துடைத்துத்தான் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. துடைத்தது வாளிக்குப் போகிறது, வாளியில் இருப்பதை மேலே விட்டுக்கொண்டால் திரும்பி ஏறிக்கொள்கிறது, ஆனால் எல்லோருடையதும் ஒரே வாளியில் கலந்து கிடப்பதால் யாருக்கும் தன்னுடையது தனியாகக் கிடைக்காது என்று கர்வாலோ எல்லோருக்கும் விளக்கினார். அதற்குப் பிறகு ரோஸ்லின் பொறுப்பேற்றுக்கொண்டாள், வாளி கலங்கினால் உடனே தூக்கிக்கொண்டு போய் காம்பவுண்ட் முருங்கைமரத்தடியில் கொட்டிவிடுவாள். முருங்கைக்காய் உப்புக் கரித்தது. சாம்பாருக்கு உப்பைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சீ பிரீஸ் ஃபிளாட்ஸில் முகங்கள் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகின. சாவு வீட்டில் பேண்டுக்காரர்கள் வழக்கமான சோகப் பாட்டை வாசிக்க, வந்தவர்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நின்று, முறை வந்ததும் சந்தனத்தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள், கார்னெட் வாசித்த பையனுக்கு மட்டும்தான் சங்கடமாக இருந்தது. இரண்டாம் மாடியில் குடிகாரப் புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி அடிவாங்கிய கன்னத்தோடு இறங்கி வந்து, துடைத்துக்கொண்டு, மேலே போய் அவனுக்குச் சோறு போட்டாள். அடுத்த வாரமும் வந்தாள். அடுத்த வாரமும் டெல்பின் துடைத்தாள். இது நல்லதா என்று யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு உள்ளே ஏதாவது உறுத்த வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ரெனிட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாத்தா பேரையே வைத்திருந்தாள், தானிஸ் என்று கூப்பிட்டாள். ஞானஸ்நானம் ஊரில் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு அவள் திரும்பி வேலைக்குப் போக வேண்டும், பிள்ளை ஒரு வயசு ஆகும்வரை அம்மாவிடம் இருக்கட்டும், அதுதான் ஏற்பாடு. வாசலில் டாக்சி நின்றதும் ரெனிட்டா அம்மாவைக் கட்டிக்கொண்டு, இத்தனை மாசமாகத் தனியாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டு அழுதாள். டெல்பின் அவள் முதுகில் தட்டிக்கொண்டே, பெட்டி இறக்கிய டிரைவர் கதவைச் சாத்தும்போது சுவரில் இடிக்கிறானா என்று பார்த்தாள்.

பிள்ளையை வாங்கி வலது தோளில் போட்டுக்கொண்டாள். வெயிட் இருந்தது, சூடு இருந்தது, ஈரமும் இருந்தது. பெரிய சைஸ் பால் பாக்கெட்டைத் தோளில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இதற்கு என்னவோ தோன்ற வேண்டும் என்று தெரிந்தது, எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்றுகூடத் தெரிந்தது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி அந்த இடத்தை அவள் கிள்ளிப் பார்த்தாள், தோல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ரெனிட்டா அப்பாவின் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டெல்பின் கீழ்கையை மாட்டிக்கொண்டு போனாள். ஊரெல்லாம் செய்துகொள்வதை சொந்தப் பிள்ளைக்குச் செய்யாமல் விடுவாளா. முகத்துக்குக் கிட்டே போனபோது ரெனிட்டா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம்மா."

"ஏட்டி, ஒரு நிமிஷ வேலை. கண்ணைப் பாரு, தக்காளி மாதிரி வீங்கிப் போய்."

"வீங்கட்டும். நான் அப்பாவோட மூஞ்சியைக் கடைசியா போன்லதான் பார்த்தேன். எனக்குன்னு அவிய விட்டுட்டுப் போனது இந்த அழுகை ஒண்ணுதான். இதையும் எடுத்துட்டா என்கிட்ட என்னம்மா இருக்கு?"

டெல்பினுக்கு அது புரியவில்லை, கணக்குப் புரியாத பிள்ளை போர்டைப் பார்க்கிற மாதிரி மகளைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கீழ்கையை மாட்டுகிற இடத்தில் மாட்டினாள்.

அடுத்தது நடந்தது நெத்திலி வாங்கிய அன்று. ரெனிட்டா தேவாலயத்துக்கு ஞானஸ்நானம் பற்றிப் பேசப் போயிருந்தாள். திரும்பி வரும்போது பிள்ளை அழுது அழுது குரல் கட்டி, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது, அதே அறையில் டெல்பின் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மீன் முடியட்டும், கையைக் கழுவிவிட்டுத் தூக்கலாம் என்று இருந்தாள்.

"அம்மா, அழுறான்."

"தெரியும். இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு."

ரெனிட்டா பிள்ளையைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "இவனை உங்ககிட்ட விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கும்மா. நான் கூட்டிட்டே போறேன். அங்க ஏதாவது பிள்ளைக் காப்பகம் பார்த்துக்கிறேன். அங்க காசுக்குப் பார்ப்பாங்க, ஆனா அழுதா தூக்குவாங்க."

அதைக் கேட்ட எந்தத் தாய்க்கும் நெஞ்சு வெடிக்க வேண்டும். டெல்பின் மீன் தலைகளைக் காகிதத்தில் சுருட்டினாள். "சரி," என்றாள்.

அந்தச் சரியைக் கேட்டுத்தான் ரெனிட்டா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முகம் கழுவி நிமிர்ந்தபோது மேல்தட்டில் பாட்டில் தெரிந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா இது? அப்பாவோட மேல்கைதானே? சோப்பு காஞ்சு கருவாடு மாதிரி வெறைச்சுக் கிடக்கு. அவிய இருந்தா உங்களை உயிரோட விட்டிருப்பாங்களா?"

டெல்பினுக்குச் சுருக்கென்றது. துக்கம் போனாலும் வீட்டுக்காரியின் வெட்கம் போவதில்லை, அது தோலுக்கு மேலே படிகிற சாதி இல்லை. தன் வீட்டில், தன் கைப்பட, ஒரு சாமான் இத்தனை நாள் அழுக்கோடு கிடந்ததா. வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள், குளியலறைக்குள் இரண்டு வாளியை வைத்தாள், பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

வெறைத்துப் போனதை முதலில் ஊற வைத்தாள். தோல் இளகியதும் மயிரை வகிடு பிரித்துப் பிரித்து அலசினாள், உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கினாள், ஷாம்பு போட்டு மறுபடி அலசினாள், பெரும்பல் சீப்பால் அடியிலிருந்து நுனிக்கு வாரினாள். வாளியில் துறைமுகத்துச் செம்மண் இறங்கியது, உப்பு இறங்கியது, பழைய நுரை வந்து மிதந்தது, அப்புறம் அவர் முகச்சவரத்துக்குப் பிறகு தடவுகிற பச்சைத் தைலத்தின் வாசனை மெல்ல மேலே வந்தது. முருங்கைமரத்துக்குப் போகிற தண்ணீர் மாதிரி இது சாம்பல் நிறத்தில் ஊரார் அழுக்காகக் கலங்கியிருக்கவில்லை. மேல்கை வேறு யார் முகத்தையும் தொட்டதில்லை. இந்த வாளியில் இருப்பது கலப்பில்லாமல் தன்னுடையது என்று டெல்பினுக்குத் தெரிந்தது, வெளுக்கப் போட்ட சேலையை மூட்டையில் அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி, நெஞ்சு ஒன்றும் பதறாமல் தெரிந்தது. கொட்டினால் போய்விடும். அதுவும் தெரிந்தது.

மகள் மணிக்கட்டைப் பிடித்த இடம் ஞாபகம் வந்தது. என்கிட்ட என்னம்மா இருக்கு.

சுத்தமான மேல்கையை மாட்டிக்கொண்டாள். அழுக்கு வாளிக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். கை இறங்கவில்லை, இத்தனை வருஷம் வகிடு பிரித்த கை, சுத்தமானதை மறுபடி அழுக்கில் முக்குவதா என்று முழங்கையோடு நின்றுகொண்டது. "கீறட்டும்," என்று அவள் கையிடம் சொன்னாள், சொல்லிவிட்டு அழுக்கு வாளியில் முக்கி, பிழியாமல், இடது நெற்றியில் வைத்து இழுத்தாள்.

கீறியது. இடது நெற்றி, இடது கண், கன்னம், கழுத்து, தோள்பட்டை என்று மணல்மணலாகக் கீறிக்கொண்டு இறங்கியது. மறுபக்கத்துக்காகக் கையைத் திரும்ப முக்கப் போனபோது பக்கத்து அறையில் பிள்ளை அழுதது. ரெனிட்டா அடுப்படியில் பால் புட்டியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள், அவள் வருவதற்குள் டெல்பின் ஓடினாள், கையில் இருந்ததை உதறிவிட்டு ஓடினாள், மேல்கை குளியலறைத் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் அவள் காதில் விழவே இல்லை.

பழக்கத்தில் பிள்ளையைத் தூக்கி வலது தோளில் போட்டாள். பால் பாக்கெட். இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, மூக்கின் இடது பக்கம் ஒழுகியது, வலது கன்னம் கழுவிக் கவிழ்த்த தட்டாகவே இருந்தது. பிள்ளையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினாள். தலைமயிர் கழுத்தில் பட்டது. சூடு உள்ளே போனது. வாயைத் திறந்து அவள் தோள் எலும்பை இரண்டு ஈறாலும் கவ்வி அவன் சப்பத் தொடங்கினான், டெல்பின் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாதியிலே போட்டுட்டுப் போயிட்டீங்களே," என்றாள், யாரும் இல்லாத பக்கத்தைப் பார்த்து. "நுரையைப் பூசிட்டு, பாதியிலே. உங்களுக்குப் பின்னாடி யாரு கழுவுவான்னு நெனச்சீங்க."

ரெனிட்டா பால் புட்டியோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அன்றைய முறைக்காக ரோஸ்லின் வந்திருந்தாள், குளியலறையில் வாளி கலங்கிக் கிடப்பதைப் பார்த்தாள், பொறுப்பானவளாகத் தூக்கிக்கொண்டு கீழே போனாள், காலி வாளியோடு மேலே வந்தாள். "தண்ணியைக் கொட்டிட்டேன் மைனி. கிளவுஸு தரையில கிடந்துது, கொடியில கிளிப் போட்டுட்டேன்," என்றவள் டெல்பினின் முகத்தைப் பார்த்து நின்றாள். "ஏன் மைனி ஒரு கண்ணு மட்டும்?"

டெல்பின் காலி வாளியைப் பார்த்தாள். வலது பாதி முருங்கைமரத்துக்குப் போய்விட்டது. "கிளிப் போட்டா தழும்பு விழும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் ஏட்டி," என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு கண்ணால் அழுதாள். பூசையில் அழுதாள், மாங்காய் போட்ட குழம்பு முன்னால் அழுதாள், வெயிலில் காரைப் பார்க்கும்போது அழுதாள். சீ பிரீஸ் ஃபிளாட்ஸ் இதையும் ஏற்றுக்கொண்டது. இடப்பக்கம் உட்கார்ந்தால் டெல்பின் அக்கா அழுவாள், வலப்பக்கம் உட்கார்ந்தால் வட்டிக்கடைக்காரி மாதிரிப் பேசுவாள் என்று தெரிந்துகொண்டு, வேலைக்குத் தக்கபடி பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். கீழ்கையை அவள் ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டாள். "இனிமே நீயே துடை, எனக்குப் பிள்ளை இருக்கு." ரோஸ்லின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், தலையை ஆட்டினாள், முதல் வாரமே அதை வாஷிங்மெஷினில் வெந்நீர் விட்டுப் போட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது அது பொம்மைக்குக்கூடப் பத்தாத அளவில், பப்படம் மாதிரி இறுகிப்போயிருந்தது, சிவப்புக் குருசு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. யார் கையும் அதற்குள் போகவில்லை. மேல்கையை டெல்பின் கொடுக்கவில்லை. பழக்கம் விட்டுப்போனதால் முதலில் கொஞ்ச நாள் ஃபிளாட்ஸில் எல்லோரும் மோசமாக அழுதார்கள், தாளம் தப்பி, தப்பான இடங்களில், கர்வாலோ சங்கக் கூட்டத்தின் நடுவில் அழுதார். இரண்டாம் மாடிக்காரி மட்டும் அழவில்லை. அவள் புருஷன் கையை ஓங்கியபோது அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு நின்றாள் என்று கேள்வி.

ஞானஸ்நானத்தில் தானிஸ் சத்தம் போட்டான், ஞானத்தாய் பயந்துவிட்டாள். ரெனிட்டா பெட்டி கட்டினாள். காப்பகத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை, பேசாததைப் பற்றி டெல்பினும் கேட்கவில்லை, இருவரும் பிள்ளைத் துணிகளை மட்டும் இரண்டு குவியலாக மடித்து வைத்துக்கொண்டே இருந்தார்கள், எது பெட்டிக்கு, எது அலமாரிக்கு என்று கடைசி நாள் வரை முடிவாகவில்லை.

வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அந்தக் காரிலேயே போனார்கள், சுடலைமுத்துவின் மருமகன் ஓட்டினான். வெயில் நன்றாக அடித்தது. வாசலில் நிறுத்தி இறங்கும்போது, இடது கதவில் மேலிருந்து கீழாகச் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரிந்தது. யாரும் அந்தக் காரை அழுக்குக் கையால் தொட்டதில்லை. ரெனிட்டா பார்த்தாள், அம்மாவின் இடது கன்னத்தையும் பார்த்தாள்.

கண்ணாடிக் கதவு வரை பிள்ளையை ரெனிட்டாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள், எடுத்த கையாலேயே மூக்கைத் துடைத்தாள். டெல்பின் வழக்கப்படி வலது கையை நீட்டினாள்.

ரெனிட்டா ஒரு எட்டு சுற்றி அந்தப் பக்கம் வந்து, மகனை அம்மாவின் இடது தோளில் போட்டாள்.